முகவரி ஒன்று, வாசிப்புகள் பல: மின்னஞ்சல் தலைப்புகளைப் பாகுபடுத்தும் சிக்கல்

மின்னஞ்சல் ஒன்றின் உடற்பகுதிக்கு முன்னால் அனுப்புநர், பெறுநர், நகல், மறுமொழி முகவரி எனப் பெயரிட்ட சில வரிகள் நிற்கின்றன. இவை தலைப்புப் புலங்கள் எனப்படும். இவற்றுள் முகவரிகளைத் தாங்கும் புலங்களை ஒரு நிரல் எழுத்தெழுத்தாகப் படித்து, ஆளின் பெயர் எது, அஞ்சற்பெட்டியின் பெயர் எது, டொமைன் எது, ஒரு முகவரி எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிவதைப் பாகுபடுத்தல் என்றும், அதைச் செய்யும் நிரற்பகுதியைப் பாகுபடுத்தி என்றும் கணினியியலார் வழங்குவர். பார்வைக்கு எளியதாகத் தோன்றும் இவ்வேலை அரை நூற்றாண்டாக நிரலாளர்களை இடறச் செய்து வந்திருக்கிறது. அதில் நேரும் பிழைகள் சில வேளை வெறும் எரிச்சலோடு முடிகின்றன, சில வேளை ஓர் அரசின் உரையாடற் செயலிக்குள் வெளியாள் நுழையும் வாயிலாகின்றன.

முகவரியின் இலக்கணம் மிகச் சிக்கலானது என்பதே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அது பாதி விடைதான். முகவரியைவிடப் பன்மடங்கு சிக்கலான நிரல்மொழி இலக்கணங்களைப் படிக்கும் தொகுப்பிகள் நாள்தோறும் பிழையின்றி இயங்குகின்றன. அங்கே ஒரு மூலநிரலை ஒரே தொகுப்பி ஒருமுறை படிக்கிறது, தவறு கண்டால் மறுத்துவிடுகிறது. மின்னஞ்சலிலோ ஒரே தலைப்பு வரியை அனுப்பும் செயலி, இடைப்பட்ட அஞ்சல் வழங்கிகள், எரிதங்களை வடிகட்டும் நிரல், அனுப்புநரின் நம்பகத்தன்மையைச் சோதிக்கும் நிரல், திரையில் காட்டும் செயலி ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே, வேறு வேறு காலத்தில், வேறு வேறு கைகளால் எழுதப்பட்ட பாகுபடுத்தியைக் கொண்டு முதலிலிருந்து படிக்கிறது. ஒரு நிரல் வரியைத் தவறாகப் படிப்பதைக் காட்டிலும், இரண்டு நிரல்கள் அதை இரண்டு விதமாகப் படிப்பதே பெருந்தீங்கு என்ற நோக்கில் இச்சிக்கலின் வரலாற்றையும் இன்றைய நிலையையும் மதிப்பிடலாம்.

இங்கே வரும் மாதிரி முகவரிகள் தமிழ் எழுத்திலேயே தரப்படுகின்றன. டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் நிறுவனம், இலத்தீன் அல்லாத எழுத்துகளைச் சோதிப்பதற்காக 2007-இல் 11 சோதனை டொமைன்களை நிறுவியபோது தமிழுக்கு அளித்தது உதாரணம்.பரிட்சை என்பது, சோதனை முடிந்து அது விலக்கிக்கொள்ளப்பட்டுவிட்டதால், எவருடைய உண்மை முகவரியையும் தொடாமல் அதை இங்கே கையாளலாம்.

மனிதர் படிக்க எழுதிய வரிகள்

பயனரின் பெயரையும் கணினியின் பெயரையும் @ குறியால் பிரிக்கும் வழக்கத்தை 1971-இல் தொடங்கியவர் ரே டாம்லின்சன். அர்பாநெட் எனப்பட்ட அன்றைய ஆய்வு வலையமைப்பில் அஞ்சல்கள் கோப்புப் பரிமாற்ற நெறிமுறையின் துணையோடு நகர்ந்தன. அந்நெறிமுறையை எழுதியவரும், கான்பூர் ஐ.ஐ.டி.யின் தொடக்க கால மாணவருமான அபய் பூஷண், டாம்லின்சன் உள்ளிட்ட மூவருடன் சேர்ந்து 1973-இல் தலைப்பு வரிகளுக்கு ஒரு பொது வடிவத்தை முன்மொழிந்தார். இணையத்தின் நெறிமுறைகளை வரையறுக்கும் எண்ணிட்ட ஆவணங்களுக்கு ஆர்.எஃப்.சி. என்று பெயர், இம்முன்மொழிவு அவற்றுள் 561 என்ற எண்ணைப் பெற்றது. 1977-இல் வந்த 733-ஆம் ஆவணம் முகவரிக்கு முறையான இலக்கணம் வகுத்தது. டேவிட் கிராக்கர் 1982-இல் எழுதிய 822-ஆம் ஆவணம் அந்த இலக்கணத்தை நிலைநிறுத்தியது. அதன் எண்ணே பின்னாளில் மின்னஞ்சல் வடிவத்துக்குப் பெயர்போல் ஆயிற்று.

அக்காலத் தலைப்பு வரிகளைப் பெரும்பாலும் மனிதர் கையால் தட்டச்சிட்டனர், மனிதரே படித்தனர் என்பதை நினைவிற்கொண்டால்தான் இலக்கணத்தின் தாராளம் விளங்கும். பிறை அடைப்புக்குள் எதையும் குறிப்புரையாக எழுதலாம். கூறுகளுக்கு இடையே இடைவெளி விடலாம். வரி நீண்டால் மடித்து அடுத்த வரியில் வெற்றிடத்தோடு தொடரலாம். 822-இன்படி வளவன் (வீட்டில்) @ உதாரணம் . பரிட்சை என்பது பழுதற்ற முகவரி. வளவன்@உதாரணம்.பரிட்சை என்பதும் அதுவும் ஒன்றே என்று படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். நிரலுக்கு அதைத் தெரிவிக்கத் தனி விதிகள் வேண்டும்.

இதற்கிடையே வேறு வலையமைப்புகளும் தத்தம் முகவரி மரபோடு வளர்ந்தன. தொலைபேசி இணைப்பின் வழியே யுனிக்ஸ் கணினிகளைக் கோத்த யு.யு.சி.பி. வலையமைப்பில், அஞ்சல் செல்ல வேண்டிய கணினிகளை வியப்புக்குறியால் பிரித்து வரிசையாக எழுதினர். அர்பாநெட்டுக்கு வெளியே இருந்தவருக்கு எழுத, பயனர்%உட்கணினி@வாயில் என விழுக்காட்டுக் குறியை இடையில் நுழைக்கும் உத்தி பரவியது. வாயிற்கணினி @ குறிக்குப் பின்னுள்ளதை வெட்டிவிட்டு, விழுக்காட்டுக் குறியை @ ஆக மாற்றி அஞ்சலை அப்பால் தள்ளும். இரண்டு மரபுகள் ஒரே முகவரியில் கலந்தபோது வந்தது குழப்பம். அ!ஆ@இ என்ற முகவரியை அர்பாநெட் மரபில் படித்தால் அஞ்சல் முதலில் இ என்ற கணினிக்குப் போகும்; யு.யு.சி.பி. மரபில் படித்தால் அ என்ற கணினிக்குப் போகும். எரிக் ஆல்மன் எழுதிய சென்ட்மெயில் நிரல், முகவரிகளை விதிகளின்படி திருப்பித் திருப்பி எழுதும் ஒரு சிறு மொழியையே தன் அமைப்புக் கோப்புக்குள் வைத்திருந்ததற்கும், அந்தக் கோப்பு நிர்வாகிகளுக்குச் சிம்மசொப்பனமாக விளங்கியதற்கும் இக்கலப்பே காரணம்.

பிரித்தானியப் பல்கலைக்கழகங்களை இணைத்த ஜேனட் வலையமைப்போ டொமைன் பெயரைத் தலைகீழாக, நாட்டிலிருந்து தொடங்கித் துறையில் முடியுமாறு எழுதியது. கணினியியல் துறையைக் குறிக்கும் 'சி.எஸ்.' என்ற சுருக்கம் அங்கே முகவரியின் கடைசியில் வரும். செக்கோஸ்லோவாக்கியாவுக்கு அதே இரண்டெழுத்து நாட்டுக்குறியீடாக வழங்கப்பட்டதும், ஒரு பிரித்தானியத் துறையின் முகவரியை உலகின் பிற கணினிகள் பிராகாவுக்குரியதாகப் படிக்கத்தக்க நிலை உண்டாயிற்று. முகவரியில் பிழையில்லை, படித்த நிரல்களிலும் பிழையில்லை. பிற்காலத்துப் பாதுகாப்புச் சிக்கல்கள் பலவற்றின் முன்வடிவம் இதுவே.

இலக்கணமும் அதன் இடறல்களும்

பீட் ரெஸ்னிக் தொகுத்த 2822 (2001), அதைத் திருத்திய 5322 (2008) ஆகிய ஆவணங்களே 822-இன் இடத்தைப் பிடித்த விதிகள். அவற்றின்படி முகவரிப் புலம் என்பது காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட முகவரிகளின் பட்டியல். ஒவ்வொரு முகவரியும் தனி அஞ்சற்பெட்டியாகவோ, ஒரு பெயர், முக்காற்புள்ளி, அஞ்சற்பெட்டிகள், அரைப்புள்ளி என்ற வரிசையில் அமைந்த குழுவாகவோ இருக்கலாம். குழு உறுப்பினரே இல்லாமல் வெறுமையாகவும் இருக்கலாம், பெறுநர்களை மறைத்து அனுப்பும் அஞ்சல்களில் காணப்படுவது இந்த வெற்றுக்குழுதான். அஞ்சற்பெட்டி இரண்டு வடிவில் வரும்: முகவரி மட்டும், அல்லது காட்சிப் பெயரும் கோண அடைப்புக்குள் முகவரியும். முகவரியில் @ குறிக்கு முன்னுள்ளது உட்பகுதி, பின்னுள்ளது டொமைன். உட்பகுதியை இரட்டை மேற்கோளுக்குள் வைத்தால் இடைவெளி, காற்புள்ளி, இன்னொரு @ குறி ஆகியவையும் அதற்குள் வரலாம். டொமைனுக்குப் பதிலாகச் சதுர அடைப்புக்குள் ஐ.பி. எண்ணைத் தரலாம்.

இவற்றுள் கணிதநோக்கில் தொல்லை தருவது குறிப்புரை. பிறை அடைப்புக்குள் பிறை அடைப்பு, அதற்குள் இன்னொன்று என எத்தனை அடுக்கும் செல்ல விதி இடங்கொடுக்கிறது. எத்தனை அடைப்பு திறந்தது, எத்தனை மூடியது என்ற எண்ணிக்கையை நினைவில் வைக்கும் ஆற்றல், எழுத்துக்கோலங்களைத் தேடப் பயன்படும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற சுருங்குறித்தொடருக்கு அதன் தூய வடிவில் கிடையாது. முகவரிகளைச் சரிபார்க்கப் பெர்ல் மொழியில் எழுதப்பட்ட, நிரலாளர் வட்டங்களில் பெயர்பெற்ற ஒரு தொடர் ஆறாயிரம் எழுத்துகளைத் தாண்டுகிறது. அதுவும் குறிப்புரைகளை முன்கூட்டியே நீக்கித் தந்தால்தான் சரியாக வேலை செய்யும். ஒரு வரித் தொடரில் முகவரியைச் சரிபார்க்கும் சூத்திரங்கள் இன்றும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை செல்லுபடியாகும் முகவரிகளை மறுக்கின்றன, செல்லாதவற்றை ஏற்கின்றன, சில இரண்டையும் ஒருங்கே செய்கின்றன.

இடமிருந்து வலமாகப் படிக்கும் நிரலுக்கு மற்றோர் இடையூறும் உண்டு. 'வளவன்' என்ற சொல்லைக் கண்டதும் அது காட்சிப் பெயரா, உட்பகுதியா, குழுவின் பெயரா என்று தெரியாது. அடுத்து வருவது கோண அடைப்பா, @ குறியா, முக்காற்புள்ளியா என்று பார்த்த பிறகே முடிவு செய்ய இயலும். க்யூமெயில் என்ற அஞ்சல் வழங்கியை எழுதிய டேனியல் பெர்ன்ஸ்டைன், கூறுகளாகப் பிரித்த வரியை வலமிருந்து இடமாகப் படித்து இந்த ஐயத்தை நேர்த்தியாகக் கடந்தார். வலமிருந்து வந்தால் மூடும் கோண அடைப்பு முதலில் கண்ணில் படும். அதற்குள் இருப்பது முகவரி என்பதும், அதற்கு முன்னால் காற்புள்ளி வரையில் இருப்பதெல்லாம் பெயர் என்பதும் ஐயமின்றித் தெரிந்துவிடும். இத்துறையில் இவ்வளவு எளிய, இவ்வளவு குறைவாகப் பின்பற்றப்பட்ட யோசனை வேறில்லை எனலாம்.

தமிழர் பெயர்களுக்கு இவ்விலக்கணத்தோடு ஒரு பழைய பிணக்கு உண்டு. மேற்கோள் குறியில்லாத காட்சிப் பெயரில் முற்றுப்புள்ளி வருவதை 822 ஏற்கவில்லை, ஆகவே மு. வளவன் <வளவன்@உதாரணம்.பரிட்சை> என்று தலைப்பெழுத்தோடு எழுதினால் அது இலக்கணப் பிழை, பெயரை இரட்டை மேற்கோளுக்குள் இட வேண்டும். நடுப்பெயரின் முதலெழுத்தைப் புள்ளியிட்டு எழுதும் அமெரிக்கர்களும் இதே பிழையைத் தொடர்ந்து செய்துவந்ததால், 2822 அதை வழக்கொழிந்த வடிவங்களின் பட்டியலில் சேர்த்து, எழுதக் கூடாது, ஆனால் வந்தால் ஏற்க வேண்டும் என்று விதித்தது. தலைப்பெழுத்தைப் பின்னுக்குத் தள்ளி வளவன், மு. என எழுதினாலோ விளைவு வேறு: மேற்கோள் இல்லாத காற்புள்ளி முகவரிகளைப் பிரிப்பதாகையால், வளவன் தனி முகவரியாகவும் மீதி இன்னொன்றாகவும் உடைந்துபோகும்.

எழுதுவதற்கு ஓர் இலக்கணம், படிப்பதற்கு அதைவிட அகன்ற ஓர் இலக்கணம் என்ற இரட்டை ஏற்பாடு 2822-இன் சிறப்பியல்பு. அனுப்புவதில் கண்டிப்பும் ஏற்பதில் தாராளமும் வேண்டும் என்று, அஞ்சல் கடத்தும் நெறிமுறையை எழுதிய ஜான் போஸ்டெல் வகுத்த கொள்கையின் நேரடி விளைவு அது. பழைய நிரல்கள் அனுப்பிய அஞ்சல்களைத் தூக்கியெறியாமல் காத்தது என்ற அளவில் அது நன்று. எந்த அளவுக்குத் தாராளம் என்பதை ஒவ்வொரு பாகுபடுத்தியும் தானே தீர்மானித்துக்கொண்டது என்பதுதான் அதன் கேடு. விதிக்குள் அடங்கிய முகவரிகளில் ஒத்துப்போகும் நிரல்கள், விதியை மீறியவற்றில் ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஊகத்தைச் செய்தன.

அளவு பற்றிய விதிகளும் எளிதில் தவறுபவை. உட்பகுதி 64 பைட், டொமைன் 255 பைட் என்பதால் முழு முகவரி 320 வரை போகலாம் என்று 2004-இல் வந்த விளக்க ஆவணம் ஒன்று கூறியது. கோண அடைப்புகள் உட்பட மொத்தமே 256 பைட்தான் என்ற இன்னொரு விதியைச் சுட்டிக்காட்டிய பின்னர் அது 254 எனத் திருத்தப்பட்டது. அந்த ஆவணத்தை எழுதியவர் அஞ்சல் கடத்தும் நெறிமுறையின் இன்றைய வடிவத்தையே தொகுத்த ஜான் கிளென்சின்.

தமிழ் எழுத்தும் குறியேற்றச் சொல்லும்

தொடக்க கால இலக்கணம் இலத்தீன் எழுத்துகளையும் எண்களையும் சில குறிகளையும் மட்டுமே கொண்ட ஆஸ்கி குறியீட்டுக்குள் அடங்கியது. 1990-களில் பிற எழுத்துகளுக்கு இடமளிக்க வேண்டியபோது, பழைய நிரல்கள் உடைந்துவிடாதபடி, பிறமொழிப் பெயரை ஆஸ்கி எழுத்துகளின் கோவையாக மாற்றி, அதன் முன்னும் பின்னும் சமக்குறி, வினாக்குறிகளால் அடையாளமிடும் முறை வந்தது. 1996-இன் 2047-ஆம் ஆவணம் அதன் நிலைத்த வடிவம். இவ்வாறு மாற்றிய துண்டைக் குறியேற்றச் சொல் என்பர். ஒரு குறியேற்றச் சொல் 75 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. யு.டி.எஃப்.-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் கொள்வதால், அடையாளக் குறிகளுக்கு 12 எழுத்துகள் போக மீதியில், அடிப்படை-64 என்ற மாற்றுமுறையில் 15 தமிழ்க் குறியீடுகளும், க்யூ எனப்படும் மற்ற முறையில் ஏழே குறியீடுகளும்தான் அடங்கும். மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடுகள் ஆதலால் 'திருவள்ளுவன்' என்ற பெயருக்கே 12 குறியீடுகள் வேண்டும். நடுத்தர நீளமுள்ள தமிழ்ப்பெயர் இரண்டு மூன்று துண்டுகளாக உடைவது வழக்கமான நிகழ்ச்சி. அடுத்தடுத்த துண்டுகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தை நீக்கி ஒட்ட வேண்டும் என்று விதி சொல்கிறது. அதைச் செய்யாத செயலிகளில் ஓர் எழுத்தின் நடுவே இடைவெளி விழுந்து, துணைக்கால் தன் மெய்யைப் பிரிந்து புள்ளிவட்டத்தோடு நிற்பதைத் தமிழ் அஞ்சல்களில் காணலாம்.

குறியேற்றச் சொல்லைப் பொறுத்தவரை தலையாய விதி வரிசை பற்றியது: முதலில் புலத்தைப் பாகுபடுத்த வேண்டும், பிறகே துண்டுகளைத் தமிழாகவோ வேறு எழுத்தாகவோ மீட்க வேண்டும். முகவரிக்குள்ளும் மேற்கோளுக்குள்ளும் குறியேற்றச் சொல்லுக்கு இடமில்லை. வரிசை மாறினால், மறைத்துவைத்த காற்புள்ளியும் கோண அடைப்பும் @ குறியும் மீட்கும்போது உயிர்பெற்று இலக்கணக் குறிகளாகிவிடும். இதன் கேடுகள் பின்னர் கூறப்படும்.

முகவரியையே பிற எழுத்தில் எழுத 2012-இல் வெளியான 6530, 6531, 6532 ஆகிய ஆவணங்கள் வழிவகுத்தன; .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் ஆகிய மேல்நிலை டொமைன்கள் தமிழ் எழுத்தில் இருப்பதால், இரு பக்கமும் தமிழாக அமைந்த முகவரி இன்று விதிக்கு உட்பட்டதே. ஆனால் 64 பைட் வரம்பு மாறவில்லை. தமிழ் உட்பகுதியில் 21 குறியீடுகளுக்கு மேல் அடங்காது. யுனிகோடில் 'கொ' என்ற எழுத்தை ஒகரக் குறி என்ற ஒரே குறியீட்டாலும் எழுதலாம், எகரக் குறி, துணைக்கால் என இரண்டு குறியீடுகளாலும் எழுதலாம். இரண்டும் திரையில் ஒன்றே, பைட்டுகளில் வேறு. ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் இயல்பாக்கத்தை 6532 பரிந்துரைக்கிறது. ஔகாரத்தையும், ஒகரத்தை அடுத்து ளகரம் வரும் 'ஒள' என்பதையும் எந்த இயல்பாக்கமும் ஒன்றாக்காது. கண்ணுக்கு மட்டும் அவை ஒன்று. உட்பகுதியின் பொருளை முடிவுசெய்யும் உரிமை அதைப் பெறும் வழங்கிக்கு மட்டுமே உண்டு என்பது பழைய விதி. தமிழ் முகவரிகள் பெருகும்போது அந்த உரிமை எப்படிக் கையாளப்படும் என்பதே பெரிய வினா.

பிழைகள் வாயில்களானபோது

பாகுபடுத்தலைப் பாதுகாப்புச் சிக்கலாக உலகம் உணர்ந்தது 2003-இல். அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் வெளியான எச்சரிக்கை, சென்ட்மெயிலில் தலைப்பு முகவரிகளைச் சோதிக்கும் ஒரு செயற்கூறு, அடைப்புகள் திறந்து மூடும்போது நினைவகத்தில் மீந்துள்ள இடத்தின் கணக்கைச் சரியாகக் கூட்டிக் கழிக்கத் தவறியதால், ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதிவிடும் என்று காட்டியது. தாக்குபவர் அதன்வழி வழங்கியையே கைப்பற்றலாம். தாக்குதல் அஞ்சலுக்குள்ளேயே பொதிந்திருந்ததால், பிழையில்லாத வழங்கிகள் அதை ஐயுறாமல் கடத்தி, வலையமைப்பின் உட்புறத்தில் பாதுகாப்பாக இருப்பதாக நம்பப்பட்ட வழங்கிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதே அதன் கொடுமை. அம்மாத இறுதியிலேயே அதே நிரலின் முகவரி பிரிக்கும் மற்றொரு செயற்கூறில், ஒரு பைட்டின் மதிப்பு எதிர்ம எண்ணாகப் படிக்கப்படுவதால் நீளச் சோதனை தவிர்க்கப்படும் பிழை வெளிப்பட்டது. முதற்பிழையின் சுருக்கிய வடிவம், நிரலை இயக்காமலே பிழை காணும் கருவிகளுக்கான சோதனைக் கேள்வியாகப் பின்னாளில் வழங்கியது.

நினைவகப் பிழைகள் புதிய மொழிகளில் அருகிவிட்டன. அவற்றின் இடத்தைப் பிடித்தது வாசிப்பு வேறுபாடு. பிரெஞ்சு அரசு தன் அலுவலர்களுக்கென 2019 ஏப்ரலில் வெளியிட்ட டிசாப் என்ற உரையாடற் செயலியில் அரசு டொமைன் முகவரி உள்ளவர் மட்டுமே பதிவுசெய்யலாம். வெளியானவுடனேயே ஒரு பாதுகாப்பு ஆய்வாளர், வெளியாள்@எங்கோ.பரிட்சை@அரசு.பரிட்சை என்ற அமைப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட @ குறிகள் கொண்ட முகவரியைக் கொடுத்து உள்ளே நுழைந்து காட்டினார். தகுதியைச் சோதித்த பகுதி வரியின் கடைசியைப் பார்த்து அரசு முகவரி என்று ஏற்றது. உறுதிப்படுத்தும் அஞ்சலை அனுப்பிய பகுதியோ பைத்தான் மொழியின் நூலகப் பாகுபடுத்தியைக் கேட்டது, அது முதல் @ குறியோடு அடுத்துவந்த டொமைனை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டது. அரசு அலுவலருக்கான உறுதிமொழி அஞ்சல் வெளியாளின் பெட்டியில் விழுந்தது. இரண்டு பகுதிகளும் ஒரே தவறைச் செய்திருந்தால்கூட இந்நுழைவு நடந்திராது.

2017 டிசம்பரில் வெளிப்பட்ட மெயில்ஸ்ப்ளாய்ட் என்ற உத்தி, இதே வேறுபாட்டை வழங்கிக்கும் திரைக்கும் இடையே கண்டது. அனுப்புநர் முகவரியின் உட்பகுதியில், விதி அனுமதிக்காத இடத்தில், குறியேற்றச் சொற்களாக ஒரு பெரிய மனிதரின் முழு முகவரியையும் அதன் பின்னே வெற்று பைட் ஒன்றையும் வைத்தால், வழங்கி கடைசி டொமைனைப் பார்த்து அனுப்புநர் உண்மையானவரே என்று சான்று தரும். காட்டும் செயலி சொற்களை மீட்டு, வெற்று பைட்டோடு வரி முடிந்ததாகக் கருதி, போலி முகவரியை மட்டும் காட்டும். டொமைன் உரிமையாளரின் கொள்கைப்படி அஞ்சலைச் சோதிக்கும் டிமார்க் என்ற முறையில் சோதனைக்குரியது அனுப்புநர் புலத்தின் டொமைன். அது எது என்பதிலேயே நிரல்கள் வேறுபடும்போது, சோதனையின் முடிவு சரியாக இருந்தும் பயனில்லை. சென் ஜியான்ஜுன், பாக்சன், ஜியாங் ஆகியோர் 2020-இல் வெளியிட்ட ஆய்வு பத்து அஞ்சல் நிறுவனங்களையும் 19 செயலிகளையும் சோதித்து, இவ்வகை முரண்பாடுகளிலிருந்து 18 தாக்குதல் வகைகளைத் தொகுத்தது. அக்கட்டுரையின் முடிவு இத்துறைக்கு ஒரு திருப்பம்: கூறுகள் ஒவ்வொன்றும் தனியே பாதுகாப்பாக இருப்பது, அவற்றைக் கோத்த அமைப்பு பாதுகாப்பாக இருப்பதற்கு உறுதியாகாது.

2024-இல் கேரத் ஹேஸ் வெளிப்படுத்தியவை இன்னும் வியப்பானவை. ரூபி மொழியில் பரவலாகப் பயன்பட்ட ஓர் அஞ்சல் நூலகம் முகவரிக்குள்ளேயே குறியேற்றச் சொற்களை மீட்டதால், அதன்மேல் கட்டப்பட்ட பெரிய தளங்களில் ஒருவர் தமக்கு உரிமையில்லாத டொமைனின் முகவரியை உறுதிப்படுத்திக்கொள்ள இயலும் என்று அவர் காட்டினார். அந்தத் தளத்தின் உறுதிப்பாட்டை நம்பிய பிற சேவைகளும் அதனோடு திறந்துகொள்ளும். வழக்கொழிந்ததாகக் கருதப்பட்ட விழுக்காட்டுக் குறி உத்தியும் சில வழங்கிகளில் இன்னும் உயிரோடிருந்து அவருக்குக் கைகொடுத்தது.

தீர்வுகளின் மதிப்பு

முன்வைக்கப்பட்ட தீர்வுகள் சில துணிவானவை. இணையப் பக்கங்களின் மொழியை வகுக்கும் எச்.டி.எம்.எல். தரவிதி, மின்னஞ்சல் முகவரிக்கான உள்ளீட்டுப் பெட்டியில் 5322-இன் இலக்கணத்தைத் தெரிந்தே மீறுவதாக வெளிப்படையாக அறிவித்து, குறிப்புரை, மேற்கோள், வெற்றிடம் எதுவுமில்லாத ஒரு குறுகிய வடிவத்தை மட்டும் ஏற்கிறது. பழைய மரபினர் இதைக் கண்டித்தாலும், பயனர் தாமே தட்டச்சிடும் இடத்துக்கு அதுவே தகும். அந்த வடிவம் ஆஸ்கி உட்பகுதியை மட்டுமே அறிந்தது, தமிழில் தொடங்கும் முகவரிக்கு அங்கே இடமில்லை என்பது அதன் கடுங்குறை. முகவரியைக் கூர்ந்து சோதிப்பதைவிட அதற்கு ஓர் அஞ்சல் அனுப்பிப் பார்ப்பதே மேல் என்ற அறிவுரையும் சரியே. ஆனால் டிசாப் நிகழ்ச்சியில் அஞ்சல் அனுப்பியே உறுதிசெய்தார்கள் என்பதால், சோதித்த முகவரியும் அஞ்சல் போன முகவரியும் ஒன்றா என்ற கேள்விக்கு அந்த அறிவுரையிடம் விடையில்லை.

அதற்கு விடை தருவது லென் சாசமன், மெரிடித் பேட்டர்சன், செர்கே பிராட்டஸ் ஆகியோர் முன்னெடுத்த மொழியியல்சார் பாதுகாப்பு நெறி. வெளியிலிருந்து வரும் எதையும் செயற்படுத்துமுன் முழுமையாக இலக்கணத்தோடு ஒப்பிட்டு, பொருந்தாததை ஊகித்துத் திருத்தாமல் மறுக்க வேண்டும், பொருந்தியதைப் பகுத்த வடிவிலேயே அடுத்த பகுதிக்குக் கையளிக்க வேண்டும் என்பது அதன் சாரம். போஸ்டெலின் தாராளக் கொள்கை காலப்போக்கில் நெறிமுறைகளைச் சீரழிக்கிறது என்று 2023-இல் வெளியான 9413-ஆம் ஆவணமும் வாதிட்டது. தரவிதிகளே இந்தப் பாதையில் சீராக நடக்கவில்லை. பிறமொழி முகவரிகளின் தேவைக்காக, அனுப்புநர் புலத்திலும் குழு வடிவம் வரலாம் என்று 2013-இல் விதி தளர்த்தப்பட்டது, ஈராண்டுக்குள் வந்த டிமார்க் ஆவணமோ அப்புலத்தில் ஒரே டொமைன் இருப்பதையே எதிர்பார்த்தது.

கண்டிப்பு எங்கும் ஒரே அளவில் தேவை என்று கொள்வதும் தவறு. இருபதாண்டுக்கு முந்தைய அஞ்சல்களைச் சேமித்துத் தேடித் தரும் காப்பகத்துக்குத் தாராளம் வேண்டும். அங்கே மறுப்பது வரலாற்றை இழப்பது. யாரை உள்ளே விடுவது, யார் அனுப்பியது என்று தீர்மானிக்கும் நிரலுக்கு ஊகிக்கும் உரிமை சிறிதும் கூடாது. ஒரே நூலகச் செயற்கூறு இவ்விரண்டு வேலைக்கும் பயன்படுவதே நடைமுறையின் துயரம், அதைத் திருத்துவதும் எளிதன்று. பைத்தான் நூலகத்தில் 2023-இல் பதிவான மற்றொரு முகவரிப் பிழைக்கு முதலில் செய்த திருத்தம், மேற்கோளுக்குள் காற்புள்ளி கொண்ட, முற்றிலும் முறையான பெயர்களையும் மறுத்ததால் திரும்பப் பெறப்பட்டது. மீண்டும் எழுதிய திருத்தம் பிழையான உள்ளீட்டுக்கு வெற்று விடையைத் தருகிறது. 2024-இல் வெளியான 3.13-ஆம் பதிப்பிலிருந்து கண்டிப்பான வாசிப்பே இயல்நிலை, பழைய தாராள வாசிப்பு தேவைப்படுவோர் அதைத் தாமே கேட்டுப் பெற வேண்டும்.